பழைய வாட்சுக்குப் புது உதிரி: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

நம் வியாபார அன்பர்கள் வீட்டில் பீரோவைத் திறந்தால் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். தகப்பனார் கட்டியதாக இருக்கும்; அல்லது கல்யாணத்தில் மாமனார் வீட்டில் மோதிரத்தோடு சேர்த்துப் போட்டதாக இருக்கும். முக்கால்வாசி ஹெச்.எம்.டி. தான். கொஞ்சம் வசதியான குடும்பம் என்றால் ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் என்று சுவிஸ் சரக்கு. சில வருஷங்களாக இவற்றுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. பேரப் பிள்ளைகள் "தாத்தா வாட்சைக் கட்டிக்கொள்கிறேன்" என்று எடுத்துப் போய் ரிப்பேர் கடையில் கொடுக்கிறார்கள்.

அங்கேதான் சங்கதியே இருக்கிறது. "ஸ்பிரிங்கை மாற்றிவிட்டால் இன்னும் நன்றாக ஓடும், டயலைப் புதுசாகப் போட்டுவிடலாம், கிளாஸை உயர்ந்த ரகமாக மாற்றிவிடலாம்" என்று சொல்வார்கள். நாமும் தலையை ஆட்டிவிட்டு வருகிறோம். மூட்டைக்குள் கை விட்டுப் பார்க்காமல் துவரம் பருப்பு வாங்காத நாம், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சொன்ன விலையைக் கொடுத்துவிடுகிறோம். எந்த உதிரியை மாற்றினால் வாட்ச் உள்ளபடியே முன்னைவிட மேம்படும், எது வீண் செலவு, எது வாட்சையே கெடுத்துவிடும் என்று தெரிந்துகொள்வது நமக்கு நல்லது. நான் வத்தல் வியாபாரி. வாட்ச் மெக்கானிக் அல்ல. ஆனால் கீழமாசி வீதியில் கடையை அடைத்த பிறகு, பழக்கமான ஒரு மெக்கானிக்கின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து பேசுவது எனக்குப் பல வருஷப் பழக்கம். அங்கே கண்டதையும் கேட்டதையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஹெச்.எம்.டி.யைப் பற்றி இரண்டு வார்த்தை. பெங்களூரில் இருந்த அரசாங்க நிறுவனமான ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1961-ல் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. அதற்கு முன்னால் நம் ஊரில் வாட்ச் என்றாலே இறக்குமதிச் சரக்குதான். ஜனதா, பைலட், கோஹினூர் என்று பெயர் பெயராக வந்த வாட்சுகளில் பலவற்றின் உள்ளே இருப்பது 17 கல் வைத்த, சிட்டிசன் வடிவமைப்பை ஒட்டிய ஒரே குடும்பத்து இயந்திரம்தான். பிறகு 1984-ல் நம் தமிழ்நாட்டு டிட்கோவும் டாடாவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பித்தார்கள். ஓசூரிலிருந்து பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சுகள் வந்தன. சாவி கொடுக்கும் வாட்சுகள் பீரோவுக்குள் போயின. ஹெச்.எம்.டி.யின் வாட்ச் கம்பெனியை மூடிவிட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஆகவே இந்தப் பழைய இயந்திரங்களுக்கு அசல் உதிரி என்பது இனிமேல் இருக்கிற கையிருப்பு மட்டும்தான். வரத்து நின்றுபோன சரக்கு எப்படி நடமாடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வாட்சின் உழைப்பையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜனதா போன்ற வாட்ச் மணிக்கு 18,000 தடவை 'டிக்' என்று அடிக்கிறது, விநாடிக்கு ஐந்து. ஒரு நாளைக்கு 4,32,000 தடவை. வருஷத்துக்குப் பதினைந்தே முக்கால் கோடி. ஒரு நாளில் 86,400 விநாடிகள். அதில் 30 விநாடி முன்னே பின்னே போகிறது என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். அதையே தராசுக் கணக்கில் சொன்னால் ஒரு கிலோவுக்கு மூன்றில் ஒரு கிராம் வித்தியாசம். நூறு கிலோ மூட்டைக்கு 35 கிராம். நம் கடைத் தராசில் எத்தனை பேர் அந்தச் சுத்தத்தைக் காட்ட முடியும்?

மெயின் ஸ்பிரிங்

இனி உதிரிக்கு வருவோம். முன்னைவிட உயர்ந்த உதிரியைப் போட்டு உண்மையான பலன் காணக்கூடிய முதல் இடம் மெயின் ஸ்பிரிங்தான். நாம் சாவி கொடுக்கும்போது சுருளுகிறதே, அந்தப் பட்டைச் சுருள். 1940, 50-களின் பழைய சுவிஸ் வாட்சுகள் பலவற்றில் இது நீல நிறமான எஃகுப் பட்டையாக இருக்கும். எஃகுக்கு இரண்டு வியாதி. ஒன்று, வருஷக்கணக்கில் சுருண்டே கிடந்தால் தளர்ந்துபோய்த் திரும்ப விரியாது. இரண்டு, ஈரம் பட்டால் துருப்பிடித்து ஒரு நாள் பட்டென்று அறுந்துவிடும். அறுந்த வேகத்தில் பக்கத்துச் சக்கரத்தின் பல்லையும் உடைப்பதுண்டு.

1940-களின் இறுதியில் அமெரிக்காவின் எல்ஜின் வாட்ச் கம்பெனி, கோபால்ட்டும் நிக்கலும் குரோமியமும் கலந்த ஒரு கலப்பு உலோகத்தில் ஸ்பிரிங் செய்து கொண்டுவந்தது. சுவிஸ்காரர்களும் நிவாஃப்ளெக்ஸ் என்ற பெயரில் அதேபோல் ஒன்றைச் செய்தார்கள். வெள்ளி மாதிரி வெளுப்பாக இருக்கும். மெக்கானிக்குகள் 'வெள்ளை ஸ்பிரிங்' என்பார்கள். துருப்பிடிக்காது, லேசில் அறுகாது, தளராது. வெளியே எடுத்துப் போட்டால் பாம்பு நெளிந்ததுபோல் எதிர்ப்பக்கம் வளைந்து கிடக்கும். அந்த வளைவினால்தான் காலையில் சாவி கொடுத்தபோது இருந்த இழுவிசை இரவிலும் அதிகம் குறையாமல் இருக்கிறது. பழைய நீல ஸ்பிரிங் போட்ட வாட்ச் உங்களிடம் இருந்தால் இதை மாற்றச் சொல்லித் தயங்காமல் கேட்கலாம். விலையும் சர்வீஸ் கூலியில் ஒரு சிறு பங்குதான்.

ஆனால் இதிலும் ஒரு சூது உண்டு. ஸ்பிரிங்குக்கு அகலம், கனம், நீளம் என்று மூன்று அளவு. அந்தந்த இயந்திரத்துக்கு உரிய அளவில்தான் போட வேண்டும். அழுக்கடைந்து, எண்ணெய் வற்றி, தள்ளாடி ஓடும் வாட்சைக் கழற்றிச் சுத்தம் செய்யப் பாதி நாள் பிடிக்கும். அந்த வேலைக்குச் சோம்பி, கனம் கூடிய ஸ்பிரிங் ஒன்றைத் திணித்துவிட்டால் வாட்ச் உடனே ஓடத்தான் செய்யும். வாடிக்கையாளருக்கும் திருப்தி. இது தீனி போடாமல் சாட்டையால் அடித்து வண்டி மாட்டை ஓட்டுகிற மாதிரி. வறண்ட முளைகள் கூடுதல் அழுத்தத்தில் தேய்ந்துகொண்டே போகும். சுத்தமான வாட்சில் கனத்த ஸ்பிரிங் போட்டாலும் கெடுதல்தான்: பேலன்ஸ் சக்கரம் அளவுக்கு மீறி வீசி, தடுப்பில் முட்டி முட்டித் திரும்பும், வாட்ச் தலைதெறிக்க முந்திப் போகும். அதனால் "பலமான ஸ்பிரிங் போட்டிருக்கிறேன்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், ஏன் போட்டீர்கள் என்று கேளுங்கள்.

எண்ணெய்

எண்ணெயை உதிரி என்று யாரும் நினைப்பதில்லை. என் அபிப்பிராயத்தில் பழைய வாட்சுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய மேம்பாடு இதுதான். அந்தக் காலத்து எண்ணெய்கள் சில வருஷத்தில் கெட்டியாகிப் பிசினாகிவிடும், அல்லது வழிந்து வேறு இடத்துக்குப் போய்விடும். இன்று கிடைக்கும் செயற்கை எண்ணெய்கள் நின்ற இடத்தில் நின்று, நாலைந்து வருஷம் தாங்கும். சுவிட்சர்லாந்தின் மோபியஸ் கம்பெனி எண்ணெய்தான் உலகம் முழுக்க மெக்கானிக்குகள் மேஜையில் இருப்பது. வேகமாகச் சுழலும் மெல்லிய முளைகளுக்கு 9010 என்ற இலகுவான எண்ணெய். பேலட் கல்லின் முகத்துக்கு 9415 என்று வேறொன்று. ஸ்பிரிங் இருக்கும் டப்பாவுக்கும் சாவிப் பகுதிக்கும் கிரீஸ். பேலட்டின் முளைகளுக்கு ஒன்றுமே போடக்கூடாது என்பது பொது விதி. சாம்பாருக்கும் ஊறுகாய்க்கும் ஒரே எண்ணெயை நாம் சிபாரிசு செய்கிறோமா? அதே கதைதான் இங்கும்.

இதற்கு நேர்மாறாக, மூடியைத் திறந்து தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு மூடிக் கொடுப்பதும் நடக்கிறது. தேங்காய் எண்ணெய் விட்ட வாட்சையும் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணெய் பரவி எல்லா இடத்திலும் ஏறும். நம் கடைத் தூசி அதில் ஒட்டும். மல்லித் தூள், வத்தல் தூசி, மாவுத் தூசி எல்லாம் எண்ணெயில் குழைந்தால் அது உப்புத்தாள் பசை மாதிரி எஃகு முளையை அராவிவிடும். மளிகைக் கடைக்காரர் கையில் இருக்கும் வாட்ச், ஆபீஸ்காரர் கை வாட்சைவிடச் சீக்கிரம் தேய்வதற்குக் காரணம் இதுதான். எண்ணெய் விடுவதற்கு முன் முழுவதும் கழற்றிக் கழுவ வேண்டும். கழற்றாமல் விடும் எண்ணெய்க்குக் காசு கொடுக்காதீர்கள்.

அதிர்ச்சி தாங்கும் கல்

டயலில் 'பாராஷாக்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முனை தலைமுடி அளவுக்குத்தான் இருக்கும். முன்பெல்லாம் வாட்ச் கல்லாவிலிருந்து தரையில் விழுந்தால் அந்த முனை ஒடிந்துவிடும். 1930-களில் சுவிஸ்காரர்கள் இன்காப்ளாக் என்ற அமைப்பைக் கொண்டுவந்தார்கள். முனையைத் தாங்கும் கல்லை இறுக்கி அடிக்காமல், ஒரு சின்ன ஸ்பிரிங் பிடிமானத்தில் வைத்தார்கள். விழும்போது கல் அசைந்து கொடுக்கும். அச்சின் தடித்த தோள் பக்கத்துத் தகட்டில் தட்டி அடியைத் தாங்கிக்கொள்ளும். பிறகு ஸ்பிரிங் கல்லைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். சிட்டிசன் 1956-ல் செய்த இதே மாதிரி அமைப்புதான் பாராஷாக். கூட்டு வழியாக அது நம் ஹெச்.எம்.டி.க்கும் வந்தது.

இது இல்லாத பழைய வாட்சில் இதை ஏற்ற முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. பொதுவாக முடியாது. ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சில சுவிஸ் இயந்திரங்களை முதலில் இந்த அமைப்பு இல்லாமலும், சில வருஷம் கழித்து அமைப்போடும், ஒரே நம்பரில் செய்தார்கள். அப்படிப்பட்டதாக இருந்தால் பிந்தைய இயந்திரத்திலிருந்து பேலன்ஸ், அதன் பாலம், மேல் கீழ் கல் பிடிமானம் ஆகியவற்றை ஒரு செட்டாக எடுத்துப் பொருத்தலாம். தனித்தனியாக எடுத்தால் பொருந்தாது. அச்சின் வடிவமே வேறு. இதைச் செய்யக் கை தேர்ந்தவர் வேண்டும். அச்சு ஒடிந்திருந்தால்தான் இந்தச் செலவை யோசிக்கலாம். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைப் பிரிக்க வேண்டாம்.

ஹேர் ஸ்பிரிங்கும் நம் ஊர் வெயிலும்

பேலன்ஸோடு இருக்கும் மெல்லிய சுருள்தான் ஹேர் ஸ்பிரிங். வாட்சின் காலக் கணக்கு முழுதும் இதில்தான். சாதாரண எஃகில் செய்த சுருள் சூட்டில் இளகும். வேறு பரிகாரம் எதுவும் செய்யாவிட்டால், வெப்பம் ஒரு டிகிரி கூடினாலே நாளைக்குச் சுமார் 11 விநாடி பிந்தும். மார்கழிக் காலையில் 20 டிகிரிக்குச் சரிசெய்து வைத்த வாட்ச், கத்திரி வெயிலில் 40 டிகிரியில் நாளைக்கு மூன்றரை நிமிஷத்துக்கு மேல் பிந்தினால் எப்படி இருக்கும்?

இதற்கு விடை கண்டவர் ஷார்ல் எதுவார்ட் குய்யோம் என்ற சுவிஸ் விஞ்ஞானி. இவர் வேலை பார்த்தது எங்கே தெரியுமா? பாரீஸ் அருகில் இருக்கும் சர்வதேச எடையளவு நிலையத்தில். 2019 வரை உலகத்துக் கிலோவுக்கெல்லாம் மூலப் படிக்கல்லாக இருந்தது அங்கே உள்ள உலோகக் கட்டிதான். சூட்டில் நீளாத, மலிவான அளவுகோல் உலோகம் தேடப் போனவர், 1896-ல் இன்வார் என்ற நிக்கல் எஃகைக் கண்டார். பிறகு, சூட்டில் விறைப்பு மாறாத எலின்வார் வந்தது. அதற்காக 1920-ல் பௌதிக நோபல் பரிசும் வாங்கினார். 1930-களில் இதைவிட மேம்பட்ட நிவராக்ஸ் வந்து, நல்ல வாட்சுகளில் எல்லாம் அதுவே நிலைத்துவிட்டது. நம் தராசுக்கும் வாட்சுக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது எனக்குத் தெரிந்தபோது மிகவும் சந்தோஷமாக இருந்தது.

இப்போது வெளிநாட்டில் சிலிக்கானில் ஹேர் ஸ்பிரிங் செய்கிறார்கள். காந்தம் அண்டாது. ஆனால் அது அதற்கென்றே வடிவமைத்த புது இயந்திரங்களுக்குத்தான். நம் ஜனதாவுக்குச் சிலிக்கான் போட்டுத் தருகிறேன் என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நம் வாட்சுக்குக் காந்தத் தொல்லை வந்தால் ஹேர் ஸ்பிரிங்கை மாற்றவே வேண்டாம். ஒலிபெருக்கி, காந்த மூடி போட்ட செல்போன் உறை இவற்றின் அருகில் வைத்த வாட்ச் திடீரென்று நாளைக்கு நிமிஷக்கணக்கில் முந்தும். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம். காந்தம் நீக்கும் கருவியில் சில விநாடி வைத்து எடுத்தால் தீர்ந்தது. இதற்குப் போய் "ஹேர் ஸ்பிரிங் போச்சு" என்று பில் போடுவதும் உண்டு.

வீண் செலவுகள்

கல் எண்ணிக்கையைக் கூட்டுவது முதல் வீண். 17 கல் என்பது பொதுவாக உராய்வு உள்ள முக்கியமான இடங்களுக்கெல்லாம் போதும். அந்தக் கற்களும் 1902-ல் வெர்னுய் என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்ட முறையில் உலையில் செய்யும் செயற்கைக் கெம்புதான். விலை உயர்ந்த ரத்தினம் அல்ல. 1960-களில் ஜப்பானில் ஓரியண்ட் கம்பெனி 100 கல் வைத்துக்கூட ஒரு வாட்ச் விற்றது. அது விளம்பரத்துக்கு.

கிளாஸ் விஷயத்திலும் ஆசைப்பட வேண்டாம். பழைய கேஸ்கள் பலவும் பிளாஸ்டிக் கிளாஸுக்கென்றே செய்தவை. அது வளைந்து கொடுத்து விளிம்பில் இறுகிக்கொள்ளும். கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு எடுக்கலாம். அங்கே கண்ணாடிக் கிளாஸைப் பசை வைத்து ஒட்டினால், தூசி போக இடுக்கு உண்டாகிறது. புது பிளாஸ்டிக் கிளாஸ், பின் மூடிக்குப் புது ரப்பர் வளையம், உள்ளே ரப்பர் வைத்த சாவித் தலை. இந்த மூன்றும் சொற்ப விலை. மளிகை, அரிசி, மாவு வியாபாரிகள் இவற்றைக் கட்டாயம் மாற்றுங்கள். அதற்காகக் கை அலம்பும்போது தைரியமாகத் தண்ணீரில் விட்டுவிட வேண்டாம்.

வீண் செலவு என்பதைவிடப் பெரிய கெடுதல் டயல் மாற்றுவது. பழைய டயலைச் சுரண்டிவிட்டுப் பளபளவென்று புது அச்சடித்துத் தருகிறார்கள். கறுப்பு டயல் பைலட்டுக்குக் கிராக்கி என்பதால், சாதாரண வாட்சுக்குப் பைலட் டயல் ஒட்டி விற்பதும் நடக்கிறது. இது மிளகில் பப்பாளி விதை கலக்கிற அதே தொழில். எழுத்து தடிமனாக, கோணலாக, மை பிசிறடித்து இருக்கும். உற்றுப் பார்த்தால் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு பருப்பு வியாபாரி, தகப்பனாரின் வெஸ்ட் எண்ட் வாட்சை வெளியூரில் ஒரு கடையில் சர்வீசுக்குக் கொடுத்தார். திரும்பி வந்தபோது வெளியே அதே கேஸ், அதே டயல். உள்ளே வேறொரு மலிவான இயந்திரம். இரண்டு வருஷம் கழித்து வேறொருவர் மூடியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. "ஓடிக்கொண்டுதானே இருக்கிறது" என்று மகன் சொன்னான். அவருக்கு மனசு ஆறவில்லை.

ஆகவே கொடுக்கும்போது மூடியைத் திறக்கச் சொல்லி, இயந்திரத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நம்பர் பொறித்திருந்தால் அதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய உதிரிகளைச் சிறு கவரில் போட்டுத் திரும்பக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பெரும்பாலான தேர்ந்தவர்களிடம் இப்போது வாட்சின் துடிப்பைக் காட்டும் சின்ன மெஷின் இருக்கிறது. முழுச் சாவி கொடுத்து டயல் மேல் பார்க்க வைத்தால், பேலன்ஸ் முக்கால் சுற்றுக்குக் குறையாமல், அதாவது 270 டிகிரிக்கு மேல் வீசினால் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். 220-க்குக் கீழே என்றால் உள்ளே இன்னும் அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது. படுக்க வைத்து, கவிழ்த்து, நிமிர்த்தி, மூன்று நிலையிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

உதிரி வரத்து நின்றுவிட்டதால் ஒரு யோசனை. குடும்ப வாட்ச் ஒன்றைத் தொடர்ந்து கட்ட நினைப்பவர்கள், அதே இயந்திரம் உள்ள, கேஸ் கெட்டுப்போன வாட்ச் ஒன்று மலிவாகக் கிடைக்கும்போது வாங்கி மெக்கானிக்கிடமே கொடுத்து வையுங்கள். பேலன்ஸ், சக்கரம், திருகு என்று பிறகு எது வேண்டுமானாலும் அதிலிருந்து எடுக்கலாம். நான் ஜனதாவுக்கு இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

சர்வீஸ் முடிந்து வந்ததும் ஒரு வாரம் தினமும் கடை திறக்கிற அதே நேரத்துக்குச் சாவி கொடுங்கள். எதிர்த்து நிற்கும்போது நிறுத்திவிடுங்கள். செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைச் சிட்டையில் குறித்து வாருங்கள். தினமும் ஒரே அளவாக, 20 விநாடியோ 40 விநாடியோ, முந்தினாலும் பிந்தினாலும் பயமில்லை. உள்ளே இருக்கும் முள்ளை ஒரு துளி நகர்த்தினால் சரியாகிவிடும், கூலி கேட்க மாட்டார்கள். ஒரு நாள் முந்தி மறுநாள் பிந்தினால் அந்தச் சிட்டையையும் வாட்சையும் எடுத்துக்கொண்டு அதே வாரத்தில் திரும்பப் போய்விடுங்கள்.